நடுத்தர ஹைபிரிட் செடான் ஒரு குடும்பத்துக்கு எந்த அளவு பொருந்தும்? ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டை முன்வைத்து ஒரு பதில்

கோயம்புத்தூரில் வசிக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், மூட்டு வலி உள்ள அம்மா. வேலை நாட்களில் நகருக்குள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டம், மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்குப் போய்வர ஏறத்தாழ 700 கிலோமீட்டர். வெளியூர்ப் பயணங்களில் அம்மாவுக்காக மடக்கு சக்கர நாற்காலி ஒன்றும் கூடவே வரும். இந்நிலையில், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டை வாங்கலாமா, அல்லது அதே காரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கே போதுமா என்பது உங்கள் கேள்வி. ஹைபிரிட்டின் பெரும் பலன் நகருக்குள் ஓடும் கிலோமீட்டரில்தான் இருக்கிறது, அதற்கு நீங்கள் கொடுக்கும் பெரிய விலை பணம் அல்ல, டிக்கி இடம் என்பதே என் பதிலின் சாரம். உங்கள் வீட்டில் இவை இரண்டும் நேருக்கு நேர் மோதுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தை நிலவரம். 2023-ல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது ஹோண்டா சிட்டியும் ஹூண்டாய் வெர்னாவும் டீசல் எஞ்சினைக் கைவிட்டன. ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸும் தொடக்கம் முதலே பெட்ரோல் மட்டும்தான். ஆகவே ஒரு காலத்தில் டீசல் செடான் வாங்கிய குடும்பங்களுக்கு, இந்த அளவில் எரிபொருளை மிச்சப்படுத்தும் செடான் என்று இன்று கடையில் இருப்பது 2022 மே மாதம் அறிமுகமான சிட்டி ஹைபிரிட் ஒன்றுதான். பழைய கார் சந்தையில் தேடும்போது ஒரு எச்சரிக்கை: மாருதி சியாஸின் பின்புறத்தில் ஒட்டியிருந்த ஹைபிரிட் சின்னம் மைல்டு ஹைபிரிட்டைக் குறித்தது. அதில் மோட்டார் எஞ்சினுக்குச் சிறு உதவி செய்யுமே தவிர, தனியாகக் காரை நகர்த்தாது. நான் இங்கே பேசுவது எஞ்சின் அணைந்திருக்கும்போதே மோட்டாரால் ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பற்றி.

சிட்டியில் இது இயங்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் அதன் நிறைகுறைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 98 பி.எஸ். (குதிரைத்திறன்) ஆற்றல் தருகிறது, அதனுடன் இரண்டு மின்மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு இணைந்து மின்சாரம் உற்பத்தி செய்கிறது. 109 பி.எஸ். திறன் கொண்ட மற்றொன்று சக்கரங்களைச் சுழற்றுகிறது. வழக்கமான பொருளில் கியர்பாக்ஸ் என்று எதுவும் இல்லை. நகரில் பெரும்பாலான நேரம் சக்கரத்தை ஓட்டுவது மோட்டார்தான். பேட்டரியில் சார்ஜ் குறையும்போது எஞ்சின் எழுந்து, சக்கரத்தைத் தொடாமலேயே, வீட்டு ஜெனரேட்டரைப் போல மின்சாரம் தயாரிக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்துக்கு வந்த பிறகுதான் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைக்கிறது, அதுவும் டாப் கியருக்கு ஒப்பான ஒரே விகிதத்தில். இவற்றுக்கிடையே மாறுவதைக் கார் தானே முடிவு செய்துகொள்ளும். ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பேட்டரியின் கொள்ளளவு ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் குறைவு என்பதால், எஞ்சின் உதவியின்றி ஒரே மூச்சில் ஓரிரு கிலோமீட்டர் போனாலே அதிகம். இதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய வழியும் இல்லை, தேவையும் இல்லை.

காந்திபுரம் சிக்னலில் மாலை ஆறு மணிக்கு நிற்கும்போது இந்த அமைப்பின் அருமை தெரியும். எஞ்சின் அணைந்திருக்கும், ஆனால் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் இயங்குவதால் குளிர் குறையாது. பச்சை விழுந்ததும் 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உடனே சக்கரத்துக்குக் கிடைப்பதால், முன்னால் இருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, மீண்டும் ஊர்வது எந்த உதறலும் இல்லாமல் நடக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அது எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்பதை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரு துடுப்புகளால் கூட்டிக் குறைக்கலாம். மற்ற கார்களில் பிரேக் தகட்டில் வெப்பமாக வீணாகும் ஆற்றல்தான் இங்கே அடுத்த சிக்னலைத் தாண்ட உதவுகிறது. நகரில் மைலேஜ் கூடுவதற்கு முதன்மையான காரணம் இதுதான். இடைவிடாமல் பிரேக் போடும் இடத்தில்தான் ஹைபிரிட் சம்பாதிக்கும். ஏறிய ஓரிரு நாட்களுக்குப் புதியவர்களை இது குழப்புவதும் உண்டு: கார் அசையாமல் நிற்கும்போது திடீரென்று எஞ்சின் உறுமத் தொடங்கினால் ஏதோ பழுது என்று நினைப்பார்கள். மே மாத வெயிலில் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அது அடிக்கடி நிகழும். பழுது ஒன்றும் இல்லை.

ஷோரூமில் காட்டும், லிட்டருக்கு 27 கிலோமீட்டர் என்ற மைலேஜ் சோதனைக்கூடத்துக்குரியது. நடைமுறையில் நகரிலும் சாலையிலும் 18 முதல் 22 வரை எதிர்பார்ப்பதே நியாயம். பெட்ரோல் சிட்டியின் ஆட்டோமேட்டிக்குக்கு நிறுவனம் சொல்வது 18.4, அது நெரிசலில் 12-க்கு இறங்கிவிடும், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் 17-ஐத் தொடும். இந்த எண்களை உங்கள் ஓட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் நகர ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரில் 83 லிட்டர், ஹைபிரிட்டில் 20 கிடைத்தால் 50 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் ஏறத்தாழ 3,350 ரூபாய். திருநெல்வேலிப் பயணத்தின் 700 கிலோமீட்டரில் 17-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் எட்டு லிட்டர் கூட வராது, அதாவது 800 ரூபாய். நீண்ட பயணத்தில்தான் நிறைய மிச்சமாகும் என்று நம்பி ஹைபிரிட் வாங்குபவர்கள் பலர் ஏமாறும் இடம் இது. இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் மிஞ்சும்.

இனிச் செலவுப் பக்கம். பெட்ரோலின் உயர்ந்த ஆட்டோமேட்டிக் வகைக்கும் ஹைபிரிட்டுக்கும் இடையே ஷோரூம் விலையில் ஏறத்தாழ 3.5 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்கிறேன். சலுகைகளைப் பொறுத்து இது கூடும், குறையும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். ஆகவே அந்த 3.5 லட்சம் ஆன்-ரோடு விலையில் 4.1 லட்சத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. எட்டு ஆண்டுகள் ஓட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். முழுக்க நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு இதே மாத ஓட்டத்தில் அது 18 ஆண்டுகள்; நகருக்குள் மட்டும் மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு நான்கே ஆண்டுகள். கடனில் வாங்குவதானால் கூடுதல் தொகைக்கான வட்டியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், காலம் இன்னும் நீளும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, காய்கறி வாங்குவது என்று மூன்று மூன்று கிலோமீட்டர்ப் பயணங்களாக உங்கள் 40 கிலோமீட்டர் சிதறிக் கிடந்தால் மேற்சொன்ன 20 கிடைக்காது. குளிர்ந்த எஞ்சினும் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியும் சூடாகும் வரை, தேவை இருக்கிறதோ இல்லையோ, எஞ்சின் ஓடித்தான் தீரும். அலுவலகத்துக்குப் போகவர நாற்பது நிமிடம் நெரிசலில் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் மைலேஜ், தெருமுனைக் கடைக்குக் கார் எடுப்பவருக்குக் கிடைக்காது.

ஓட்டும் சுகத்தில் ஹைபிரிட்டின் பலவீனம் வேகமாக முந்திச் செல்லும்போதும் மலையேற்றத்திலும் வெளிப்படுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தர எஞ்சின் உச்சச் சுழற்சிக்குப் போய்விடும்; வேகம் சீராகத்தான் கூடும், ஆனால் எழும் இரைச்சல் காரின் வேகத்தோடு ஒட்டாமல் தனியாக ஒலிக்கும். மொத்த ஆற்றல் 126 பி.எஸ். என்பதால் குடும்பத்தோடு செல்வதற்குக் குறை இல்லை. 150 பி.எஸ். தரும் விர்ட்டஸின் 1.5 டர்போவை ஓட்டிப் பழகியவருக்குத்தான் 100-ஐத் தாண்டிய பிறகு இது மந்தமாகத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஐந்து பேருடன் ஏறும்போது சிறிய பேட்டரி விரைவில் இறங்கிவிடுவதால், கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் ஓயாமல் உரத்து ஓடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது நடப்பது நேர்மாறானது: பேட்டரி சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும், அதன்பின் மிஞ்சும் மின்சாரத்தைச் செலவழிக்க ஜெனரேட்டர் மோட்டாரைக் கொண்டு பெட்ரோல் இல்லாமலேயே எஞ்சினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். காலை எடுத்த பிறகும் எஞ்சின் ஏன் அலறுகிறது என்று அப்போது பதற வேண்டாம். மற்ற கார்களில் கீழ் கியரில் இறங்கும்போது எஞ்சினே வேகத்தைப் பிடிப்பதற்கு (எஞ்சின் பிரேக்கிங்) அது ஈடு.

இப்போது டிக்கி. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர். ஹைபிரிட்டில் பேட்டரியும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பின்னால் அமர்ந்திருப்பதால் 306 லிட்டர். நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், மூடியைத் திறந்தால் வழக்கமான சிட்டியின் ஆழத்தை எதிர்பார்க்கும் கை மேடான தளத்தில் முட்டும். ஒரு பெரிய சூட்கேஸும் இரண்டு கைப்பைகளும் போன பிறகு மற்றவை மடிக்குத்தான். மடக்கிய சக்கர நாற்காலி, கைப்பிடியும் கால்தாங்கியும் சேர்ந்து, மடித்த பிறகும் ஓரடி அகலத்துக்குக் குறையாது. அதை உள்ளே வைத்தால் ஐந்து பேருக்கான இரண்டு நாள் துணிக்குக்கூட இடம் இருக்குமா என்பது சந்தேகம். திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையோ தேங்காயோ ஏற்றாமல் ஊர்க்காரர்கள் அனுப்புவதில்லை என்பது வேறு விஷயம். இது ஹோண்டாவுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைபிரிட் வகைகளில் டிக்கி 265 லிட்டர்தான். எஸ்யூவி என்பதால் உயரவாக்கில் அடுக்க முடிகிறது, கூரைக்கு மேல் கேரியர் மாட்டவும் முடிகிறது. செடானில் அந்த வழி எளிதல்ல.

உள்ளே உட்காருபவர்களைப் பொறுத்தவரை சிட்டியின் பின் இருக்கை இந்த வகையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று; முழங்காலுக்கு இடம் தாராளம், ஏசி காற்றுக்குத் தனித் துவாரங்கள், எஸ்யூவிகளைப் போல் வளைவுகளில் ஆடாத இதம். இரு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் அமரலாம், ஆனால் தரையின் நடுவில் உள்ள மேடு அவர் காலை இடிக்கும். உங்கள் அம்மாவுக்கு முன் இருக்கையே நல்லது. அப்போதும் தாழ்ந்த இருக்கையில் இறங்கி உட்கார்வதும் கையை ஊன்றி எழுவதும் மூட்டு வலி உள்ளவருக்குச் சிரமம் என்பதை மறைப்பதற்கில்லை. ஹைபிரிட், பெட்ரோல் இரண்டுக்கும் இது பொதுவான செடான் குறை. தரையிலிருந்து உயரம் 165 மில்லிமீட்டர். ஹைபிரிட் பெட்ரோலைவிட 100 கிலோவுக்கு மேல் கனமானது, அந்தக் கனத்தின் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. ஐந்து பேரும் ஏறிய பிறகு கிராமத்து வேகத்தடைகளை நேராக ஏறாமல் சாய்த்து ஏற வேண்டியிருக்கும்.

பேட்டரியைப் பற்றிய அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. என் பார்வையில் அது சற்று மிகை. லித்தியம் அயனி பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. பேட்டரி முழுக்க நிரம்பவோ முழுக்க வடியவோ கார் விடுவதில்லை என்பதால் அதன் ஆயுள் நீள்கிறது. எட்டு ஆண்டு கடந்த காரை விற்கும்போது வாங்குபவர் பேட்டரியைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பார், அது நிச்சயம். ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் போன்ற தேயும் பாகங்கள் இல்லாததும், மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பிரேக் பேட்கள் நெடுநாள் வருவதும் ஆதாயங்கள். கவனிக்க வேண்டியவை வேறு இடத்தில் இருக்கின்றன. இந்தக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. வெளிநாடு போய்விட்டு மூன்று, நான்கு வாரம் எடுக்காமல் விட்டால் அது இறங்கி, பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் உயிர்பெறாது. ஹைபிரிட் கார்களில் பொதுவாக பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பயணிகள் பகுதியிலிருந்து ஒரு சிறு துவாரம் வழியாகத்தான் உறிஞ்சப்படுகிறது. அதன் மேல் போர்வையோ பையோ கிடக்கக் கூடாது, தூசி சேரவும் விடக் கூடாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களைத் தெரு மெக்கானிக் தொடக் கூடாது என்பதால் சர்வீஸுக்கு நிறுவன மையத்தையே நம்பியிருக்க வேண்டும். திருநெல்வேலிச் சாலையில் நடுவழியில் ஏதேனும் ஆனால் அங்குள்ள பட்டறையால் உதவ முடியாது, வண்டியை ஏற்றித்தான் வர வேண்டும். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் தாழ்ந்த செடான்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், இன்சூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்போடு ஹைபிரிட் பேட்டரிக்கும் கூடுதல் காப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். நீங்களும் கேளுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் ஹைபிரிட் இவ்வளவு விலையில் இருப்பதற்கு அதுவும் காரணம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இத்தகைய ஹைபிரிட்டுக்கு வரியும் அதன் மேல் விதித்த செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 43 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆனது, ஆனால் 45 சதவீதம் கட்டிவந்த பெட்ரோல் சிட்டியும் அதே 40-க்கு வந்துவிட்டதால் ஹைபிரிட்டுக்கு இருந்த அந்தச் சிறு சலுகையும் போய்விட்டது. முழு மின்சாரக் காருக்கு 5 சதவீதம். உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை விலக்கியது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு மின்சாரக் கார்களுக்குத்தான். வீட்டில் சொந்த வாகன நிறுத்துமிடமும் சார்ஜ் செய்யும் வசதியும் இருந்தால், உங்கள் 40 கிலோமீட்டர் தினசரி ஓட்டத்துக்குச் செலவளவில் மின்சாரக் காரை எந்த ஹைபிரிட்டும் வெல்ல முடியாது. ஹைபிரிட்டின் வாதம், 40 லிட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு கோவையிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பும் வரை பங்கையோ சார்ஜரையோ தேட வேண்டியதில்லை என்பதுதான். சிட்டிக்கு மேற்பட்ட விலைத் தளத்தில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் இருக்கிறது. அமெரிக்காவில் 2025 மாடல் முதல் ஹைபிரிட்டாக மட்டுமே விற்கப்படும் அந்தக் கார் 2024 டிசம்பரில் இங்கே 48 லட்சத்துக்கு வந்தது, 2.5 லிட்டர் எஞ்சினும் 230 பி.எஸ். ஆற்றலும் சேர்ந்து சிட்டியின் இரைச்சல் குறை அதில் இல்லை, ஆனால் எரிபொருள் மிச்சம் என்ற பேச்சுக்கே அந்த விலையில் பொருள் இல்லை.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை, சக்கர நாற்காலி மாதந்தோறும் காரில் வருவதாக இருந்தால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக். நெரிசலில் ஹைபிரிட் தரும் மென்மையை இழப்பது வருத்தம்தான், ஆனால் 200 லிட்டர் டிக்கி இடத்துக்கு மாற்று வழி கிடையாது. திருநெல்வேலியிலேயே இன்னொரு நாற்காலி வாங்கி வைத்துவிட முடியும் என்றால் என் பதில் மாறும்: மிச்சமாகும் பணத்துக்காக அல்ல, தினமும் நெரிசலில் நீங்கள் கழிக்கும் நேரம் இதமாகக் கழியும் என்பதற்காக ஹைபிரிட்டை எடுக்கலாம். முடிவெடுக்கும் முன் நாற்காலியையும் வழக்கமாக நீங்கள் கொண்டுபோகும் பைகளையும் ஷோரூமுக்கு எடுத்துச் சென்று டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டெஸ்ட் டிரைவைக் காலை பத்து மணிக்குக் காலியான அவினாசி சாலையில் கொடுக்க முன்வருவார்கள். அதை ஏற்காமல் மாலை நெரிசல் நேரத்தில், அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து இரைச்சலையும் கேட்டுவிட்டு வாருங்கள்.